எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கையிலிருந்த வரைபடத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். என் மேலதிகாரி டாக்டர் சிவகாமி பதினொன்றரை ஃபெரிக்குக் கிளம்பிவிட்டார். பட்டர்வொர்த்தில் ரயிலேறி, திங்களன்று கோலாலம்பூரில் என் முடிவைத்தான் மேடையில் சொல்லப்போகிறார். அந்த முடிவு தப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில் நான் வாயாடியான ஆராய்ச்சி உதவியாளன். எங்கள் வேலை இதுதான்: சில நொடிகளே வாழும் அணுக்கருக்களைப் பீமாகப் பாய்ச்சி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மோதவிடுவோம். படலத்தில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரான் இருக்கும். அதன் நியூட்ரான் அணுக்கருவில் ஒட்டிக்கொள்ளும், புரோட்டான் பின்பக்கம் பறக்கும். இதுதான் டிரான்ஸ்ஃபர் ரியாக்‌ஷன். எந்தக் கோணத்தில் எத்தனை புரோட்டான் என்று எண்ணினால், நியூட்ரான் உள்ளே எந்தப் பாதையில் உட்கார்ந்தது என்று தெரியும். மோதல் வெளிநாட்டில் நடந்தது. டேப்பைக் கொண்டுவந்து கணக்குப் போட்டவன் நான்.

புரோட்டானைப் பிடிக்கும் டிடெக்டரில் பதினாறு பட்டைகள், பட்டைக்கு ஒரு கோணம். புரோட்டானின் ஆற்றல் பட்டைக்குப் பட்டை ஒரு பக்கமாகச் சரியவேண்டும். என் வரைபடத்திலோ கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஆம்பிளிஃபையர் கோளாறு என்று நானே முடிவுகட்டி, பட்டைக்கு ஓர் எண்ணால் பெருக்கிச் சரியாக்கிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அன்று காலை அதே எண்களை, டிடெக்டரைச் சோதிக்க வைக்கும் ஆல்ஃபா சோர்ஸின் டேட்டாவில் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பட்டையிலும் ஒரே ஆற்றல் வரவேண்டியது, படிக்கட்டு மாதிரி ஏறியது. அதாவது ஆம்பிளிஃபையரில் கோளாறே இல்லை.

எங்களோடு வெளிநாட்டுக்கு வந்து கேபிள் மாட்டிய டெக்னீஷியன் சலீம் அண்ணனிடம் ஓடினேன்.

“அண்ணே, ஒண்ணாவது பட்டை பீம் பக்கத்துலயா, வெளியிலயா?”

“வெளியிலதான். எடம் பத்தல, திருப்பி மாட்டிட்டேன். லாக்புக்ல எழுதிருக்கேன்லா. படிக்கலையா நீ? பட்டம் வாங்குன ஆளு!”

நான் ஒன்றாவது பட்டையை உள்பக்கம் என்று வைத்துக் கணக்கிட்டிருந்தேன்; கோணங்கள் அத்தனையும் தலைகீழ். என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கும் தாள் டாக்டரின் மேசையில் கிடந்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி நினைத்தபடியேதான் டாக்சி பிடித்தேன்.

ஃபெரி நகர்ந்த பிறகே அவர் பக்கத்தில் போக முடிந்தது.

“என்னப்பா, வழியனுப்ப வந்தியா?”

“டாக்டர், பட்டை வரிசை திரும்பி இருக்கு. கோணமெல்லாம் தப்பு.”

“அப்படின்னா கோடு எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்குமே. பாக்கலையா?”

“பாத்தேன். நானே நேராக்கிட்டேன்.”

அவர் கரைப்பக்கம் திரும்பினார். பட்டர்வொர்த் கரை பெரிதாகிக்கொண்டே வந்தது.

“சாஞ்ச படம் இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?”

ஃபைலின் கடைசியில் இருந்தது, கோப்பிக் கறையோடு. கொடுத்தேன்.

“இதான் டேட்டா. மத்ததெல்லாம் நீ போட்ட கோலம். இதைக் காட்டி, இன்னும் முடியலன்னு சொல்லிக்கிறேன். நீ அடுத்த ஃபெரில திரும்பிப் போ. மொத பட்டையிலேருந்து ஆரம்பி.”

“கான்ட்ராக்ட்டு, டாக்டர்?”

“நேத்தே கையெழுத்து போட்டுட்டேன்லா. திங்கக்கிழம மேடையில நிக்கப்போற எனக்குத்தான் இப்ப பயம்.”

மூன்று வாரம் கழித்து, நியூட்ரானின் பாதை வேறாகவே வந்தது. இன்றுவரை கோடு சாய்ந்தால் அதை அப்படியே அச்செடுத்து முதலில் அடுத்தவரிடம் நீட்டுகிறேன். நீட்டும்போது பயம் இன்னும் லேசாக இருக்கத்தான் செய்கிறது.