கடைசி வரியில் சரஸ்வதி

ஆயுத பூஜைக்கு லேத்து மெஷினிலிருந்து வாட்ச்மேன் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. எங்கள் ஸ்டோர்ஸ் ஆபீசர் தன் கம்ப்யூட்டர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். "வெளிய பொட்டு வச்சாச்சி. உள்ள சாமியே இல்லியேம்மா?" என்றார்.

கும்மிடிப்பூண்டியில் வால்வு வார்க்கும் கம்பெனி அது. நான் அங்கே தற்காலிகம். கம்ப்யூட்டர்களை ஓட்டும் லினக்ஸ் தெரியும் என்று சொல்லி நுழைந்தவள், தெரிந்ததோ அரைகுறை. என் வாய் சும்மா இருக்குமா? ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் கூட வரும் அக்காக்களிடம், பர்மனன்ட் ஆகிவிட்டேன் என்று மூன்று மாதம் முன்பே அளந்துவிட்டேன். ட்ரீட் எங்கே என்று தினமும் உயிரை எடுத்தார்கள். உண்மையில் என் பர்மனன்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடவேண்டியவர் இந்த ஆபீசர்தான். அவர் சாமி கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா!

பாஸ்வேர்டு அடித்ததும் எதெது திறக்கவேண்டும் என்று ஒரு ஸ்கிரிப்டில் வரிவரியாக இருக்கும். டெஸ்க்டாப் உட்பட மேலே இருந்ததையெல்லாம் பின்னணியில் ஓடவிட்டு, கடைசியில் படத்துக்கு ஒரு வரி சேர்த்தேன். வீணையோடு சரஸ்வதி பளிச்சென்று வந்தாள். ஆபீசர் எனக்கு மட்டும் இரண்டு பிடி பொரி அதிகம் கொடுத்தார்.

லீவு முடிந்த காலையில் ஸ்டோர்ஸிலிருந்து அலறல். ஸ்டாக் லிஸ்டை மறைக்கிறதே என்று படத்தின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தியிருக்கிறார். எல்லாம் மறைந்து, மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் திரை.

"சாமிய மூடுனேன்மா, என்னியே வெளிய தள்ளிட்டா!"

கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஷூவைக் கழற்றிவிட்டு, பாஸ்வேர்டு அடித்து உள்ளே போய் இன்னொரு தடவை மூடினார். மறுபடியும் வெளியே. எனக்கும் ஒன்றும் புரியவில்லை, சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து சரஸ்வதிக்குத் திரையின் வலது மூலை. அந்த மேஜையருகே யாரும் கெட்ட வார்த்தை பேசக்கூடாது. சாயங்காலம் "போய்ட்டு வரேன் தாயி" என்று ஆபீசர் படத்தை மூடுவார், பாஸ்வேர்டு திரை வரும், வீட்டுக்குக் கிளம்புவார்.

ஒரு மாதம் கழித்து, தடிப் புத்தகம் ஒன்றில் காரணம் கிடைத்தது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஓடுவதை மூடினால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மூடிக் கடையைக் கட்டிவிடும். அட மண்டூகமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். யாராவது பார்த்தால் மானம் போகும் என்று, மறுநாள் அவர் வருவதற்குள் படத்தை மேலே ஏற்றி, டெஸ்க்டாப்பைக் கடைசி வரியில் உட்கார வைத்தேன்.

அன்றைக்கென்று பார்த்து என் ஆர்டர் அவர் மேஜைக்கு வந்தது. பேனாவைத் திறந்தார். "சாமிக்கு சொல்லிட்டு போடறேன்" என்று படத்தை மூடினார். படம் போனது. ஸ்டாக் லிஸ்ட் அப்படியே நின்றது.

"சக்தி பூட்ச்சிம்மா," என்றார். முகம் வெளிறிவிட்டது. "அம்மா கோச்சிக்கினு பூட்டாங்க. இந்த நேரத்துல இன்னா கையெழுத்து? அப்பால பாக்கலாம்."

பேனாவை மூடிவிட்டார். ஒரு மாதமாக உங்களை வெளியே தள்ளியது சாமி இல்லை சார், நான்தான் என்று சொல்லவா முடியும்? சொன்னால் என்னை வெளியே தள்ளுவார்.

மறுநாள் அவருக்கு முன்னால் போய், சரஸ்வதியைக் கடைசி வரிக்கே இறக்கினேன். ஆபீசர் வந்தார், ஷூவைக் கழற்றினார், பயந்து பயந்து மூடினார். பாஸ்வேர்டு திரை!

"வந்துட்டாம்மா!" என்று குதித்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ரயிலில் ஜாங்கிரி டப்பாவைத் திறந்தேன். ஒரு அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "நீதான் எப்பவோ பர்மனன்ட் ஆய்ட்டியே, இது இன்னாத்துக்கு?"

"அது நானா போட்டுக்கினது. இது சாமி போட்ட பர்மனன்ட்டு, அக்கா," என்றேன்.