மூடியிருந்த ஜன்னல்

அன்று எங்கள் எண்ணூர் அங்கன்வாடியில் இருந்தது பதினொரு குழந்தைகள், டீச்சர், ஆயாவான நான், குழந்தைகள் திட்டத்தில் அரசாங்கத்துக்கே ஆலோசனை சொல்லும், சென்டரைப் பார்வையிட வந்த ஒரு நிபுணர். வேறு யாருமில்லை.

நரைத்த தாடி, தேய்ந்த செருப்பு. எதை எழுதும் முன்னும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

"ஜன்னல் ஏம்மா மூடியிருக்கு? காத்தோட்டம் இல்லன்னா சென்டரையே மூடணும்னுதான் நான் எழுதணும்."

மூடிவிட்டால் இந்தப் பிள்ளைகள் லாரி ஓடும் ரோட்டைத் தாண்டி அடுத்த சென்டருக்குப் போக வேண்டும்.

"தொறந்தா அனல்மின் நிலையத்து சாம்பலு வருது சார். பசங்க இருமிக்கினே கீதுங்க."

அவரே திறந்தார். பிள்ளைகள் இருமின. அவரும் இருமினார். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். கைக்குட்டை கறுத்தது.

"நான் என்னன்னு எழுதட்டும், நீங்களே சொல்லுங்கம்மா."

ஏழாவதோடு நின்ற என்னிடம் கேட்டார். நான் இருமிய பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். எழுதாத தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து தினமும் காலையில், கதவில் புதுப் பூட்டு தொங்குமோ என்று பயந்துகொண்டேதான் தெருமுனை திரும்புகிறேன்.