குழாயில் கரண்ட், வசந்தா அம்மாவுக்கு மாத்திரை

புது வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எர்த் குழி எங்கே இருக்கிறது? ஈசானி மூலை எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். பூஜை அறை மார்பிள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு வரலாறே சொல்வார்கள். எர்த் குழி என்றதும் முகம் மாறும். "அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்கினாரு" என்பார்கள். மேஸ்திரி இப்போது எங்கே? அடுத்த வீட்டில், அடுத்த எர்த் குழியை மறந்துகொண்டிருப்பார்.

என் பெயர் ஜெனி. எலக்ட்ரிகல் படித்து, அனல் மின் நிலையத்தில் ஒரு வருடம் அப்ரண்டிஸ் முடித்தேன். பெர்மனன்ட் ஆகும் என்று காத்திருந்த கூட்டத்தில் கொஞ்ச நாள் நானும் நின்றேன். நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு மீட்டர், ஒரு டெஸ்டர், ஒரு ஸ்கூட்டி, இவற்றோடு புது வீடுகளைப் பரிசோதிக்கும் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் ரிட்டயர் ஆனதும் வடலூர் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு போகிறார்கள். குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால் கம்ப்ளெயின்ட் கொடுத்தால் போதும், ஆள் வரும். சொந்த வீட்டிலும் ஆள் வரும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்த ஒரு வீட்டின் கதை இது.

1. எனக்கு வேண்டியது சர்டிஃபிகேட்

ஞானசேகரன் சார் அனல் மின் நிலையத்தில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்து ரிட்டயர் ஆனவர். கேட்டைத் திறந்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எலக்ட்ரீஷியன் பின்னாடி வர்றாராம்மா?"

"நான்தான் சார்."

"ஓ." இரண்டு விநாடி யோசித்தார். "சரி, பரவாயில்ல. உள்ள வா பாப்பா."

பரவாயில்லை என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னதால் நானும் பெருந்தன்மையாக உள்ளே போனேன்.

வேலை என்ன என்று அவரே விளக்கினார். வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை அவர் மனைவி வசந்தா அம்மாவிடம். சமையலறைக் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சார் தொட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. ஆகவே நரம்புத் தளர்ச்சி என்று அவரே முடிவு செய்து, மெடிக்கலில் கேட்டுச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா மாத்திரையையும் சாப்பிடுகிறார், சுருக்கையும் நிறுத்தவில்லை.

"நீ செக் பண்ணி எல்லாம் ஓகேன்னு ஒரு சர்டிஃபிகேட் குடுத்துட்டுப் போ. படிச்ச பொண்ணு சொன்னா நம்புவா."

"செக் பண்ணாம எப்படி சார் ஓகேன்னு சொல்றது?"

"செக் பண்ணிட்டுத்தான் சொல்லேன். ஆனா ஓகேன்னு சொல்லு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவருக்கு ஷாக் அடிக்காது பாப்பா. அவரு கரண்டு தயார் பண்ணவரு இல்லியா, அதுக்கு மரியாத தெரியும்."

வசந்தா அம்மா மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம் பிறந்தவர். குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்துப் பேச்சுக்கும் நடுவில் இருந்தும் அவர் பேச்சு அசையவில்லை. கையில் ஒரு மரக்கரண்டி இருந்தது. சமைப்பதற்கு அல்ல. குழாயைத் திறப்பதற்கு.

2. கம்ப்ளெயின்ட் ஆபீஸ் இல்லாத ஊர்

"குடிவந்த புதுசுல இவரு என்ன பண்ணாரு தெரியுமா? லைட் எரியலன்னு பழைய கம்ப்ளெயின்ட் ஆபீசுக்கே போன் போட்டாரு. எந்த பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர் என்னன்னு கேட்டாங்க. ஃபோனக் கைல வச்சிக்கினு என் மூஞ்சியப் பாக்கறாரு."

"பழக்க தோஷம்டி," என்றார் சார். "அதைப் போய் ஊர் பூரா சொல்லு."

"இந்தப் பாப்பா ஒண்ணுதான் பாக்கி."

அந்த அம்மாவிடம் எப்போது இழுக்கிறது என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. உடனே பதில் வந்தது.

"காலையில பால் வைக்கும்போது. சாயங்காலம் காபி போடும்போது. மத்த நேரம் இல்ல. அடுப்ப வச்சிக்கினு குழாயத் தொட்டாத்தான் சுர்ருன்னுது."

அடுப்பு என்றது காயில் ஹீட்டர். பீங்கான் தட்டில் வளைந்து வளைந்து ஓடும் கம்பிச் சுருள், அதற்கு இரும்புப் பெட்டி. டவுன்ஷிப்பில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டாம். குவார்ட்டர்ஸில் கரண்ட் செலவை யாரும் யோசித்ததில்லை, எல்லாம் அதில்தான் கொதித்தது. வீட்டைக் காலி செய்யும்போது பழைய கட்டில், கிழிந்த சோபா எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருபவர்கள் இந்த ஹீட்டரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஞானசேகரன் சாரும் அப்படித்தான் கொண்டுவந்திருந்தார். அதில் போட்டால்தான் காபி காபியாக இருக்குமாம். பால் பொங்கி வழிந்து கருகிய தடம் பீங்கானில் அடுக்கடுக்காக இருந்தது.

சார் தொட்டபோது ஏன் ஷாக் அடிக்கவில்லை என்பதும் புரிந்தது. அவர் முட்டி வலிக்காக வீட்டுக்குள் எப்போதும் ரப்பர் செருப்போடு நடப்பவர். தொட்டுப் பார்த்ததும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுப்பு அணைந்திருந்த நேரம். சமையலறைக்குள் செருப்பு கூடாது என்பது வசந்தா அம்மாவின் சட்டம். அதை அவர் மட்டும்தான் மதித்தார். வெறுங்காலோடு நின்றவரும் அவர் மட்டும்தான்.

3. ட்ரிப்பருக்கு வாய்ப்பூட்டு

மெயின் பெட்டியைத் திறந்தேன். கரண்ட் தப்பான வழியில் கசிந்தால் உடனே லைனை வெட்டிவிடும் கருவி ஒன்று அதில் இருக்கும். ட்ரிப்பர் என்பார்கள். உயிரைக் காப்பதற்கென்றே வீட்டில் இருக்கும் பொருள் அது ஒன்றுதான். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். அழுத்தினேன், விழுந்தது. ஆனால் தலைக்கு மேல் ஃபேன் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே வரும் இரண்டு ஒயரையும் வெளியே போகும் ஒயர்களோடு நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. ட்ரிப்பருக்கும் இணைப்பு இருந்ததால் பட்டன் வேலை செய்தது, ஆனால் வீட்டுக் கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு போனது. கருவி பெட்டிக்குள் அழகுக்கு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு ஒயரிங் செய்த வயர்மேன் பாண்டுவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் இன்னாக்கா பண்றது? பால் காய்ச்சின அன்னிக்கே அந்த அடுப்பப் போட்டா வுழுந்துகினே இருந்துது. சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்துகினு இருக்காங்க. சார்தான் நேராக் குடுத்துடுன்னாரு."

சார் தொண்டையைக் கனைத்தார். "அது தொந்தரவு ட்ரிப் பாப்பா. குவார்ட்டர்ஸ்ல இதே ஹீட்டர் ஒருநாளும் இப்படிப் பண்ணல."

"அப்ப ஹீட்டருக்கும் வயசு கம்மி சார்."

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இதே சார் வேலை பார்த்த இடத்தில், பெர்மிட் எழுதிக் கையெழுத்து வாங்காமல், சிவப்பு டேக் மாட்டாமல் ஒரு வால்வைக்கூட யாரும் தொட முடியாது. அலாரம் தொந்தரவாக இருக்கிறதென்று எவனாவது ஒயரைப் பிடுங்கியிருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பார். அந்த ஒழுங்கு முழுவதையும் கடைசி ஷிஃப்ட்டில், அடையாள அட்டையோடு சேர்த்து, கேட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

அடுத்து எர்த் குழி. கேட்டேன்.

"அந்தப் பக்கம் எங்கேயோ," என்று கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினார். அங்கே புத்தம் புதிய சிமென்ட் கல் பதித்திருந்தது.

"இது எப்ப சார் போட்டீங்க?"

"போன மாசம்."

"சுருக்குன்னது?"

வசந்தா அம்மா பதில் சொன்னார். "கல்லு போட்ட மறுநாள்லேர்ந்து."

சுவரிலிருந்து இறங்கிய எர்த் கம்பி கல்லுக்குக் கீழே போகவில்லை. கல் பதித்தவர்கள் வெட்டி, முனையை அழகாக மடித்துவிட்டிருந்தார்கள். இனி கணக்கு எளிது. ஹீட்டரில் கசியும் கரண்ட் முன்பு மண்ணுக்குப் போனது. இப்போது போக இடமில்லாமல், எர்த் ஒயர் தொட்ட எல்லா இரும்பிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சிங்குக்கு மேலே இருந்த சின்ன கீசர், கீசரிலிருந்து ஸ்டீல் டியூப் வழியாகக் குழாய். அங்கே வசந்தா அம்மாவின் கை.

4. ஈர மண்ணில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்

சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஈர மண்ணில் நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி, அதிலிருந்து ஒயர் இழுத்து, ஹீட்டரைப் போடச் சொல்லிக் குழாயில் மீட்டரை வைத்தேன். நூற்று அறுபது வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"அது கோஸ்ட் வோல்ட்டேஜ்," என்றார் சார். "இந்த டிஜிட்டல் மீட்டர் எல்லாம் இப்படித்தான் கதை விடும். ஒரு பல்பு மாதிரி லோடு குடுத்தா ஒண்ணும் நிக்காது."

தப்பான வாதம் என்று சொல்ல முடியாது. ஒரு ஜீரோ வாட் பல்பை ஹோல்டரோடு எடுத்துக் குழாய்க்கும் ஸ்க்ரூ டிரைவர் ஒயருக்கும் நடுவில் இணைத்தேன். மங்கலாக எரிந்தது. தண்ணீர்க் குழாயில் எரியும் விளக்கு. கார்த்திகைக்கு அகல் வாங்கும் செலவு மிச்சம்.

"சார், தரை டைல்ஸ் காய்ஞ்சு கெடக்கறதால அம்மா இன்னும் நின்னு பேசிக்கிட்டிருக்காங்க. மழை ஆரம்பிச்சு, ஈரக் காலோட வந்து தொட்டாங்கன்னா சுருக்குன்னு சொல்றதுக்குக்கூட இருக்க மாட்டாங்க."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"சார், வேணாம்."

"நீ சும்மா இரு. பிளான்ட்ல எத்தனை யூனிட் ஓட்டியிருக்கேன். என் வீட்டுக் குழாயத் தொட எனக்குப் பயமா?"

நான் குறுக்கே போவதற்குள் வெறுங்காலோடு முன்னே வந்து குழாயை முழுக் கையால் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா? இப்ப என்ன சொல்ற? வசந்தா, நீயும் பாத்துக்கோ. எங்க இழுக்குது?"

வசந்தா அம்மா அடுப்பு மேடைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கை ஹீட்டர் சுவிட்சின் மேல் இருந்தது.

"நான்தான் அணைச்சேன்," என்றார். "நீங்க குனிஞ்சப்பவே."

சார் குழாயைப் பார்த்தார். அதிலிருந்த பல்பும் அணைந்திருந்தது. காயிலின் சிவப்பு அடங்கிக்கொண்டிருந்தது. கையை எடுத்தார்.

"இன்னிக்கு நான் கிட்ட இருந்தேன், அணைச்சேன். நான் தொடறப்ப யாருங்க அணைக்கறது?"

ஒரு மாதமாகத் தன்னை நம்பாத மனிதரிடம் அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. சார் செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். நான் பல்பைக் கழற்றிப் பையில் போட்டேன். கிண்டல் செய்ய எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப அபூர்வம்.

5. டேக்

மறுநாள் பாண்டு வந்தான். மெயினை அணைக்கப் போன நேரத்தில் சார் அலமாரியைத் திறந்து எதையோ தேடினார். சிவப்பு டேக். வேலை பார்த்த இடத்து ஞாபகமாக எடுத்து வைத்திருந்ததாம். அதில் தன் பெயரை எழுதி மெயின் பெட்டியில் மாட்டினார்.

"எதுக்கு சார், வூட்டு வேலைக்குப் போயி?" என்று பாண்டு சிரித்தான்.

"மாட்டினவன்தான் எடுக்கணும். நான் எடுக்கற வரைக்கும் எவனும் சுவிட்சத் தொடக்கூடாது."

"அப்ப என் பேர எழுதுங்க," என்றார் வசந்தா அம்மா. "ஷாக் அடிச்சது எனக்குத்தான்."

சார் தன் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினார். அந்தத் துறையில் அவ்வளவு வேகமாக ஷிஃப்ட் மாற்றம் நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு சிமென்ட் கற்களைப் பெயர்த்து, எர்த் கம்பியைச் சேர்த்து, குழிக்கு மூடியோடு ஒரு தொட்டி வைத்தோம். நேர் ஒயர்களைப் பிரித்து ட்ரிப்பர் வழியாகக் கொடுத்தோம். வசந்தா அம்மா டேக்கை எடுத்த பிறகுதான் மெயின் போட்டோம். ஹீட்டரைப் போட்டதும் ட்ரிப்பர் பட்டென்று விழுந்தது. பால் காய்ச்சின அன்றே சொன்னதைத்தான் மறுபடி சொன்னது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காபி கேஸ் அடுப்பில்தான். ருசி இல்லை என்று சார் சொல்வதாகக் கேள்வி. ஹீட்டர் பிளக்கில் அந்த டேக் வசந்தா அம்மா பெயரோடு இன்னும் தொங்குகிறது. எடுக்க வேண்டியவர் எடுக்கிற மாதிரி தெரியவில்லை. மிச்சமிருந்த மாத்திரையை சாரின் முட்டி வலிக்கு ஒதுக்கிவிட்டதாகவும் அந்த அம்மா சொன்னார்.

புது வீடு கட்டியவர்களுக்கு நான் இதில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். எர்த் குழியின் மேல் கல்லோ, டைல்ஸோ, துளசி மாடமோ வைக்காதீர்கள். கோடையில் அதற்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். ட்ரிப்பர் அடிக்கடி விழுந்தால் அதைத் திட்டுவதற்கு முன், அது யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று பாருங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சுவிட்ச் விழுந்தால் மட்டும் போதாது, ஃபேனும் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவருக்கு ஷாக் அடிக்கிறது என்றால் அவரிடம் எப்போது, எங்கே என்று கேளுங்கள். மீட்டரை விடச் சரியாகச் சொல்வார்கள். மாத்திரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே போய்ப் பார்த்தேன். சார் டிவியில் செய்தி விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். திடீரென்று டிவி, ஃபேன், லைட் எல்லாம் நின்றன.

"என்னடி, பவர் கட்டா?" என்று சார் கேட்டார்.

மெயின் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"இல்லீங்க. டெஸ்டிங். கம்முனு குந்துங்க."

சார் கம்மென்று உட்கார்ந்தார்.