செருப்பைக் கழற்றிய ரவுடி

நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடை திருச்சி பெரிய கடை வீதியில் இருக்கிறது. வீடு ஸ்ரீரங்கத்தில். எனக்குப் பெரிய உடம்பு, பெரிய மீசை, இரண்டுக்கும் பொருந்தாத கூச்சம். ஓர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தக்கூட மனைவிதான் வேண்டும்.

போன வருஷம் கடைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த அரிசிக் கிடங்கில் சினிமா எடுத்தார்கள். தாதா படங்களைக் கிண்டல் செய்யும் காமெடிப் படம். அடியாள் வேஷத்துக்கு ஆள் தேடி வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அண்ணே, மீசை ஒரிஜினலா? ஒருநாள் ரவுடியா வரீங்களா? பேசவே வேணாம். அருவாளோட ஓடி வந்தாப் போதும்."

பேச வேண்டாம் என்றதால் தலையாட்டிவிட்டேன். வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நீங்க ரவுடியா? கரப்பான்பூச்சி வந்தாக்கூட என்னையத்தானே கூப்புடுவீங்க." அப்படிச் சொன்னவள்தான் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டாள்.

கிடங்குக்குள் தாதாவின் இருப்பிடம் போல அமைத்திருந்தார்கள். உயரமான நாற்காலியில் தாதா. அவருக்குப் பின்னால் சாமி படம், அதன் முன் எரிகிற குத்துவிளக்கு. நாங்கள் எதிர் கோஷ்டி. அட்டை அருவாளை ஓங்கிக் கத்திக்கொண்டே உள்ளே பாய வேண்டும். ஓட்டப்பந்தயக் கோட்டில் நிற்கிற பிள்ளையைப் போல எனக்குக் கால் பரபரத்தது.

"ஆக்‌ஷன்" என்றதும் முதல் ஆளாக ஓடினேன். வாசற்படி வந்தது. உள்ளே விளக்கு தெரிந்தது. கால் தானாக நின்றுவிட்டது. அருவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, மறுபடி அருவாளை ஓங்கிக் கத்தியபடி உள்ளே ஓடினேன். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்து அவர்களும் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"கட்" என்றார் டைரக்டர். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"எதுக்குங்க கழட்டுனீங்க?"

"உள்ள விளக்கு ஏத்தி வச்சிருக்காங்களே சார்."

முதலில் சிரித்தது தாதாதான். நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் கழட்டிட்டுத்தான் வெட்ட வரணும். வெட்டு முடிஞ்சதும் அவங்கவங்க செருப்பத் தேடணும்" என்றார். கேமராவைத் தரையில் வைத்து எங்களைத் திரும்ப ஓடவிட்டார்கள்.

படம் வெளிவரும் வரை எனக்கு நிலைகொள்ளவில்லை. கடையில் கூட வேலை செய்பவர் வேறு, "ரொம்ப நம்பாதீங்கண்ணே, எடுத்ததுல பாதிய வெட்டி எறிஞ்சிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மனைவியோ தொட்டியத்திலிருந்து தன் தங்கையையே வரவழைத்துவிட்டாள். அந்தக் காட்சி இல்லாவிட்டால் மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் என் கவலை.

முதல் நாள் மேட்னி. இடைவேளை வரை திரையில் நான் வரவில்லை. கொழுந்தியாள் பாப்கார்னைக் கொறித்தபடி, "எங்கக்கா, மாமாவக் காணோம்?" என்றாள். "இருடி, வருவாரு" என்றாள் மனைவி. அந்தக் குரலில் பலம் குறைந்திருந்தது.

அப்புறம் அந்த வாசற்படி வந்தது. திரை முழுக்க இரண்டு கால்கள் ஓடிவந்து நின்றன. செருப்பைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்தன. இடது செருப்பின் வாரில் நீல நூல் தையல். மனைவி தன் கையால் போட்டது. என் முகம் வரவேயில்லை. ஆனால் தியேட்டர் குலுங்கியது. ரவுடிகள் ரத்தக்கறையோடு குனிந்து செருப்பைத் தேடினார்கள். தாதா "யாருடா என்னுத மாத்திப் போட்டுட்டுப் போனது?" என்று கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. அவ்வளவு சிரிப்பு.

மனைவி எழுந்தே விட்டாள். "அது எங்க வீட்டுக்காரர் காலுங்க. அந்தத் தையல் நான் போட்டது."

நான்கைந்து வரிசை திரும்பிப் பார்த்தது. வேறு நாளாக இருந்தால் சீட்டுக்கடியில் போயிருப்பேன். முன் வரிசையில் இருந்த பெரியவர், "நெசமாவா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அன்றைக்கும் அதே செருப்புதான் போட்டிருந்தேன். இடது காலை எடுத்து நடைவழியில் நீட்டினேன்.