கொஞ்சமுங்க

ஒருவர் வாயால் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பதிந்துகொள்வது நேர்மையா, பொல்லாப்பிலிருந்து நழுவும் வழியா? பீளமேட்டுச் சுந்தரராஜுலுவுக்கு இந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை. பிரிண்டர் கிறீச்சிட்டுத் தள்ளிய தாளின் ஓரத்து ஓட்டை நாடாவை, வாழைநார் உரிப்பதுபோல் நிதானமாகக் கிழித்துக்கொண்டிருக்கிறார். அது முடியும்வரை எதிரே இருப்பவர் மூச்சு விடுவதில்லை.

மில் மூடியபின் கம்ப்யூட்டர் வாங்கி ஜாதகம் கணித்தவர். தெருவுக்கு மூன்று கம்ப்யூட்டர் ஜாதகக் கடை முளைத்ததும், பெங்களூரிலிருந்து சாப்பாட்டுக் கணக்குப் போடும் புரோகிராம் பிளாப்பி ஒன்று வாங்கிவந்து, பலகையில் ‘ஜாதகம்’ என்பதை மட்டும் அழித்து ‘உணவு ஆலோசனை’ என்று எழுதினார். தாளின் மூலையில் மஞ்சள் தடவுவதை நிறுத்தவில்லை. பிறந்த நேரத்தையும் இன்னும் கேட்கிறார்.

“அவங்கவங்க ஒடம்புக்குத் தனித்தனித் தாளுங்க” என்பார். கடையில் எடை மெஷின் கிடையாது. எடையையும் வாயால் சொன்னால் போதும். வியாதியைப் பற்றிக் கேள்வியே இல்லை. கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? கொஞ்சம் என்றால் ஒன்றைத் தட்டுவார், நிறைய என்றால் நான்கை. தன் வாயால் ‘நிறைய’ என்று சொல்லும் மனிதர் கோயமுத்தூர்ச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. பந்தியில் மூன்றாம் முறை சோறு வாங்கும்போதும் கை இலையை மறைத்தபடிதான் இருக்கும். ஆகவே எல்லோருக்கும் ஒன்று. தனித்தனித் தாள்களில் ஒரே ஆலோசனை: சாப்பாடு போதாது, நெய், வாழைப்பழம், சர்க்கரை போட்ட பால் சேர்க்கவும்.

காங்கேயத்து எண்ணெய் மில் ரங்கராஜ், தொந்தி உள்ளே வந்து சற்று நேரம் கழித்தே தாம் வருவார். தம் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார். “டாக்டரு சோத்தக் கொறைங்கறாருங்க. கம்ப்யூட்டரு பொய் சொல்லுமுங்களா?”

“நாம எதும் சேக்கறதில்லீங்க. நீங்க சொல்றீங்க, நான் தட்டறேன்.”

ஒரு செவ்வாய்க்கிழமை, அதே ரங்கராஜ் மறுதாள் வாங்கக் காத்திருந்தபோது, சுந்தரராஜுலுவின் மனைவி கனகம் காலை இழுத்து இழுத்து வந்தாள். பெருவிரலில் கட்டு. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாளாகக் கோதுமைக் கஞ்சி.

“ஏனுங்க, ஊருக்கெல்லாம் நெய்யும் பாலும் எழுதிக் குடுக்கறீங்க. எனக்கொரு தாளு தட்டுங்க. அது சொல்றதயே திங்கறேன்.”

“வெளையாடாத அம்மணி. ஊட்டுக்குப் போ.”

“ஏனுங்க, உங்க மிஷினு ஊரானுக்கு மட்டுந்தான் நெசஞ் சொல்லுமா?”

ரங்கராஜ் தொந்தி குலுங்கச் சிரித்தார். “கேக்கறாங்கல்லங்க, தட்டுங்க!”

வயது, உயரம், எடை தட்டியாயிற்று. “எவ்வளவு சாப்புடுவே?”

“கொஞ்சந்தானுங்க.”

அவர் விரல் நான்கை அழுத்தியது.

தாள் வந்தது. அரிசியைக் குறைக்கவும்; நெய், இனிப்பு கூடாது. கனகம் இரண்டு முறை படித்தாள். “கொஞ்சம்னுதானுங்களே சொன்னேன்?”

“மிஷினு சொல்லுது கண்ணு,” என்றார், ஓரத்து நாடாவைப் பார்த்தபடி. அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

ரங்கராஜ் நாற்காலியை நிரப்பினார்.

“எவ்வளவுங்க சாப்புடுவீங்க?”

“நமக்கென்னங்க, கொஞ்சந்தான்.”

சுந்தரராஜுலுவின் கண் ரங்கராஜின் தொந்தியை ஒருமுறை பார்த்துத் திரும்பும்வரை விரல் நான்கின் மேலேயே நின்றது. பிறகு இடப்பக்கம் நகர்ந்து ஒன்றை அழுத்தியது.