மூன்று முறை அறுத்த பலகை

ஆர்டெல் ப்ரோக்மன் தன் விமானத்தின் கருவிப் பலகையை மூன்று முறை அறுத்தான். முதல் முறையோடு நிறுத்தியிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. எனக்கு அவன்மேல் இன்னமும் கோபம்தான். நாற்பது வருஷப் பழக்கம் அந்தக் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்கிறது.

எங்கள் விமானத் திடல் என்பது மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு புல் ஓடுபாதை, அதன் ஓரமாக ஒரு வரிசைத் தகரக் கொட்டகைகள், அவ்வளவுதான். ஒவ்வொரு கொட்டகையிலும் வீட்டில் சும்மா உட்கார முடியாத ஒரு ஆள் தன் கையால் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருப்பான். ஆர்டெல் சீஸ் ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் கட்டியது இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். அவனுக்கு அடுத்த கொட்டகை என்னுடையது.

அவன் கட்டினான் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் அடிக்க, உள்ளேயிருந்து ஒருவர் இரும்புக் கட்டியை அண்டக் கொடுக்க வேண்டும். ஏழு வருஷமும் உள்ளே குந்தி அந்தக் கட்டியைப் பிடித்தவள் அவன் மனைவி மார்லிஸ். வால் பகுதிக்குள் நுழைந்தால் அவளுடைய கால் மட்டும்தான் வெளியே தெரியும். "என்னை உள்ள வச்சே தச்சிடாதடா கிழவா" என்று அங்கேயிருந்து கத்துவாள்.

அவள் கேட்ட கூலி ஒன்றே ஒன்று. வடக்கே பெரிய ஏரியில் ஒரு தீவு இருக்கிறது. அவள் பிறந்தது அங்கே, அவள் அப்பா அங்கே படகு ஓட்டியவர். கரையிலிருந்தும் படகிலிருந்தும் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் காரிலிருந்தும் அந்தத் தீவைப் பார்த்திருக்கிறாள். மேலேயிருந்து மட்டும் பார்த்ததில்லை. அதை ஒரு தடவை பார்க்க வேண்டும். காரில் போய்ப் படகைப் பிடித்தால் முழு நாள் ஆகும் இடம், இந்த விமானத்தில் காலை காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் போய்விடலாம்.

முதல் பலகையில் ஆறு வட்டக் கருவிகள் இருந்தன. வேகம் காட்ட ஒன்று, உயரம் காட்ட ஒன்று, இப்படி. பக்கத்தில் ஒரு ரேடியோ. எல்லாம் வேலை செய்தது. எஞ்சினை ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. பறக்க அனுமதி தரும் ஆய்வாளரைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. அந்த ஜூலைக் கடைசியில் ஆர்டெல் வழக்கம்போல ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்குப் போனான். திரும்பி வரும்போது மடியில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு கண்ணாடித் திரை. ஆறு வட்டமும் அந்த ஒரு திரைக்குள் இருக்குமாம், கூடவே வரைபடமும் மழைமேகமும் தெரியுமாம். மறுநாளே பலகையைக் கழற்றி அறுத்துவிட்டான்.

அந்தத் திரைக்கு வயர் போட ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. கருவிப் பலகைக்குப் பின்னால் வேலை செய்வதென்றால் தலைகீழாகப் படுக்க வேண்டும். கால் சீட்டில், தலை மிதிகளுக்கு அடியில், முகத்துக்கு நேரே வயர்க் கூட்டம். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் பேர் ஒட்டி, உலோகப் பின்னை நசுக்கிப் பிடித்து, பிளக்கில் செருகிப் போவான். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. அது முடிந்த கோடையில் மறுபடி திருவிழா வந்தது. இன்னும் பெரிய திரையோடு, விமானத்தைத் தானே ஓட்டும் பெட்டியும் வாங்கி வந்து பலகையை மறுபடி கழற்றினான்.

"டேய், இருக்கிறதுக்கு என்னடா கேடு? பறந்து தொலையேன்" என்றேன்.

"ஓரின், மார்லிஸை ஏத்திட்டுப் போகணும்ல. நான் மட்டும்னா எதுல வேணா போவேன். அவளுக்கு நல்லதா இருக்கணும்."

மார்லிஸ் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு நல்லது செய்யறதா இருந்தா, என் பக்கம் ஒரு மூடி போட்ட சின்னப் பெட்டி வை. என் கண்ணாடியும் புதினா மிட்டாயும் வைக்க. திரையெல்லாம் எனக்கு எதுக்கு? ஜன்னல் இருக்கே, அது போதும்" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் பக்கம் இரண்டாவது திரையை வைத்தான்.

மூன்றாவது பலகை பாதி முடிந்திருந்த பிப்ரவரியில் மார்லிஸுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. கோடை தாங்கலாம், அதற்குமேல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து ஆர்டெல் ஓட ஆரம்பித்தான். அதுவரை எறும்பு ஊர்ந்த மாதிரி வேலை செய்தவன், ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டில் விட்டுவிட்டு நேரே கொட்டகைக்கு வந்து மிதிகளுக்கு அடியில் தலையை விட்டான்.

அவசரத்தில்தான் அது நடந்தது. பிளக்கின் படத்தை முன்பக்கமிருந்து பார்ப்பதுபோல வரைந்திருப்பார்கள். வயர் செருகுகிறவன் பார்ப்பதோ பின்பக்கம். இடது வலதாகிவிடும். இந்தத் தப்பைச் செய்யாத ஆள் எங்கள் வரிசையில் ஒருவரும் இல்லை, ஆனால் யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை. இரண்டு பலகையில் செய்யாத ஆர்டெல் மூன்றாவதில் செய்தான். பெரிய பிளக் முழுக்கவும் தலைமாற்றி. சுவிட்சைப் போட்டதும் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு கீற்றுப் புகை. அந்த நாற்றம் என் கொட்டகை வரை வந்தது.

நான் ஓடிப் போனபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். "பின்னாலேர்ந்து பார்த்துட்டேன் ஓரின்," என்றான். கருகிய பெட்டி கம்பெனிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வசந்தம் முடிந்து மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

ஆகஸ்டில் விமானம் பறந்தது. நன்றாகவே பறந்தது. ஆனால் புது விமானத்தைக் கட்டியவன் நாற்பது மணி நேரம் தனியாக ஓட்டிச் சோதித்த பிறகுதான் வேறொருவரை ஏற்றலாம். அது சட்டம். சோதனையின் ஒரு கட்டத்தில், ஆள் ஏறினால் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பக்கத்து சீட்டில் மணல் மூட்டைகளை வைத்து பெல்ட் போட்டு ஓட்டுவோம். ஆர்டெல் ஐம்பது பவுண்டு மூட்டை மூன்று வைத்தான்.

மார்லிஸ் கொட்டகை வாசலில் மடக்கு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பார்ப்பாள். வெயில் கொளுத்தும், அவளுக்குக் குளிரும். அந்த நாற்பதில் பாதிகூட முடியாத ஒரு நாள், வரிசையின் கடைசிக் கொட்டகைக்காரன் டூயி க்ராவுஸ் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்.

"ஆர்டெல், ஏத்திட்டுப் போயேன்யா. இங்க எவன் போய்ச் சொல்லப் போறான்? நாங்க எல்லாரும் அந்தப் பக்கமா திரும்பி நின்னுக்கறோம்."

"போலாமா?" என்றாள் மார்லிஸ். சின்னப் பிள்ளை கேட்பதுபோல அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து அந்த ரெண்டாவது திரை ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சுது," என்றான் அவன். "ஏன்னு தெரியல. இன்னும் கொஞ்சம் பார்த்துடறேன், மார்லிஸ். உன்னை வச்சுக்கிட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகிடக்கூடாது."

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லாமல் விழுங்கினேன். இனி அவளுக்கு என்னடா ஆக வேண்டியிருக்கிறது என்பதுதான் அது. அவளுக்கும் அதே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவள் கேட்டது வேறு.

"என் சீட்ல என்ன வச்சிருக்க?"

"மணல் மூட்டை. உன் எடைக்கு. நூத்தம்பது."

"நான் எங்கடா இப்ப நூத்தம்பது இருக்கேன்? ஒரு மூட்டையை எடுத்துரு."

அவன் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்கு வரவில்லை. படுக்கையை ஜன்னல் ஓரம் போட்டிருந்தார்கள். அவன் மணிக்கணக்கைத் தீர்க்க வீட்டுக்கு மேலேயே வட்டமடித்தான். சத்தம் கேட்டால் அவள் கண்ணைத் திறப்பாள் என்று அவளைப் பார்த்துக்கொண்ட செவிலி சொன்னாள். செப்டம்பரில் சோளம் காய ஆரம்பித்தபோது மார்லிஸ் போய்விட்டாள். அந்தக் காலையில் ஆர்டெல் மேலேதான் இருந்தான். இறங்கி வந்த பிறகு நான்தான் சொன்னேன்.

அடக்கம் முடிந்து சர்ச் நிலவறையில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்குக் கேசரோலும் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய சிரிப்பைப் பற்றிப் பேசினார்கள். விமானத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் டூயி நல்லது நினைத்து ஒரு காரியம் செய்தான். கொட்டகைக்குப் போய் அந்த மூட்டைகளைச் சீட்டிலிருந்து இறக்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டான்.

மறுநாள் அதைப் பார்த்து ஆர்டெல் போட்ட கத்தல் ஓடுபாதையின் அந்த முனைக்குக் கேட்டது. அவன் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதே இல்லை. "எவன்டா எடுத்தான்? அவ சீட்டை எவன்டா தொட்டான்?" டூயி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். மூன்று மூட்டையையும் ஆர்டெல் தானே தூக்கி வைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டினான்.

மிச்ச மணி நேரத்தை அவன் அப்படியே ஓட்டி முடித்தான். அந்த இரண்டாவது திரை மறுபடி ஒரு தடவைகூட அணையவில்லை. நவம்பரில், முதல் பனி விழுவதற்கு முன்னால், ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் வடக்கே கிளம்பினான். நான் வேலை இருப்பதுபோலக் கொட்டகையிலேயே காத்துக்கிடந்தேன். மதியத்துக்கு மேல் இறங்கினான். கதவைத் திறந்ததும் என் கண் பக்கத்து சீட்டுக்குத்தான் போனது. இரண்டு மூட்டைதான் இருந்தன.

"அவ சொன்ன மாதிரி ஒண்ணை எடுத்துட்டேன்," என்றான்.

"தீவைப் பார்த்தியா?"

அவன் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தான். "ஏரி முழுக்க மேகம். கீழ ஒண்ணும் தெரியல. திரை மட்டும் காட்டிச்சு. கரை, படகுத்துறை, அவங்க வீட்டுத் தெரு வரைக்கும். அதைப் பார்த்துக்கிட்டே மூணு வட்டம் அடிச்சேன்."

மார்லிஸ் மிட்டாய்ப் பெட்டி கேட்ட இடத்தில் அந்தத் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் கையை நீட்டி அதை அணைத்தான்.

"பழைய ஆறு வட்டத்தோட போயிருந்தா மேகத்துக்கு மேல போற தைரியம் வந்திருக்காது, ஓரின். தெளிவான நாளாப் பார்த்துத்தான் அவளைக் கூட்டிட்டுப் போயிருப்பேன், ஜன்னல்லயே தீவு தெரிஞ்சிருக்கும்."