மிக்ஸி ஓடாத நேரத்தில் காமிக்ஸ்

என் அப்பா ரிடையரான பிறகு காமிக்ஸ் படிப்பதற்காக வீட்டுக்கு ஒரு லேப்டாப் வந்தது. இன்றைக்குச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரில் சிரித்தார்கள். மாடிப் போர்ஷன்காரர் என் முகத்துக்கு நேராகவே சிரித்தார். அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். என் குணம் அப்படி.

அப்பாவுக்கு முதலில் வலது கண்ணில் நடுப் பார்வை போனது. ஆளைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகைமூட்டம். சில மாதங்களில் இடது கண்ணிலும் அது ஆரம்பித்தது. அடையாறில் கண் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஓரப் பார்வை மிஞ்சும், நடுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எத்தனை நாளில் என்று சொல்ல முடியாது, அதுவரைக்கும் எதையும் பெரிதாக்கிப் பாருங்கள் என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா, லஸ் முனை தாண்டியதும், "பேப்பரை நிறுத்திடு. இனிமே ரேடியோ போறும்" என்றார்.

அந்த 'போறும்' எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா கண் கெடும்வரை எதையாவது கையில் வைத்துப் படித்துக்கொண்டே இருந்த மனிதர். கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவருடைய காமிக்ஸ் புத்தகங்கள் இருந்தன. ஆபீஸ் விட்டு வரும் வழியில் பிளாட்பாரக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கியவை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் நான் அவர் மடியில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் அவைதான். மிச்சமிருக்கும் கண் போவதற்குள் அந்தப் பெட்டியில் ஒரு முழுக் கதையையாவது அவரை உட்கார்த்திப் படிக்கவைத்துவிடுவது என்று ஆட்டோவிலேயே முடிவு செய்தேன்.

முதலில் பூதக்கண்ணாடி வாங்கினேன். கை நடுங்கியது, எழுத்து வளைந்தது, கண்ணாடி மேஜை டிராயருக்குள் போனது. ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுத்த தாள் மொத்தமும் கறுப்பாக வந்தது. அப்புறம்தான் லேப்டாப் யோசனை வந்தது.

நான் வேலை பார்த்தது தி. நகரில், பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், விசிட்டிங் கார்டு. முதலாளியிடம் ஒரு பழைய லேப்டாப் பீரோ மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. பேட்டரி செத்தது, ப்ளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும். உள்ளே இருக்கும் டிஸ்க்கில் அதன் சொந்த சாமான்களுக்கே இடம் போதாது. சிடி போடும் வசதியும் கிடையாது.

"எட்துக்கினு போமா. அது ஒண்ணியும் பண்ணாது, சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. காமிக்ஸை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றதும் சிரித்தார். ஆனால் அது வேறு சிரிப்பு. "உங்க நைனாவுக்கு இந்த வயசுல பொம்மை புக்கா? சாப்பாட்டு டைம்ல பண்ணிக்கோ. மெஷினு சும்மாதானே கீது."

ஸ்கேன் செய்த பக்கங்களைக் கடையில் சிடியில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று, ரிச்சி தெருவில் அலைந்து, லேப்டாப்பின் பின்னால் பிரின்டர் மாட்டுகிற துளையில் செருகும் தனி சிடி டிரைவ் ஒன்றைப் பிடித்தேன். செங்கல் கனம். அதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் டிரைவுக்கு உயிர் கொடுக்க வேண்டும், பிறகுதான் லேப்டாப்புக்கு. மாற்றிச் செய்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அக்கம்பக்கத்தில் கரண்ட் கொஞ்சம் இறங்கினாலும் டிரைவ் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். எங்கள் வீட்டில் கரண்டை இறக்குவது மிக்ஸி. அதனால் அப்பா படிக்க உட்கார்ந்தால் சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

"அரைக்கலாமா?"

"ரெண்டே பக்கம்மா."

"உங்க குதிரைக்காரன் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள என் தேங்காய் ஊசிப் போயிடும்."

ஸ்கேன் செய்வதில்தான் நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். முதலில் அச்சுக்குச் செய்வதுபோலத் தரமாக எடுத்தேன். லேப்டாப் ஒரு பக்கத்தைத் திறக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே உறைந்து நின்றது. சரி என்று லைன் ஆர்ட்டுக்கு மாறினேன். அந்த முறையில் கறுப்பு என்றால் கறுப்பு, வெள்ளை என்றால் வெள்ளை, நடுவில் சாம்பல் என்ற பேச்சே கிடையாது. எழுத்து கத்தரித்து வைத்தாற்போல் விழும், ஃபைலும் சின்னது. டி.டி.பி. செய்கிறவர்களுக்கு எழுத்து சுத்தமாக வந்துவிட்டால் உலகமே சுத்தமாகிவிடும். படங்களில் நிழல் இருந்த இடமெல்லாம் கரி அப்பிக்கொண்டது. கதை எழுத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அப்பா லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி ஓரக்கண்ணால் படித்தார். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கும். அவர் வாய்விட்டு, குரல் மாற்றி மாற்றிப் படிப்பார்.

"எழுத்து தெரியறதாப்பா?"

"நன்னாத் தெரியறது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப் போர்ஷன்காரர் காதில் விழட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பொறுமை இழந்து மிக்ஸியைப் போட்டுவிட்டாள். பக்கம் பாதியில் நின்றது. மேல்பாதியில் படம், கீழே ஒன்றுமில்லை. நான் தரையில் குனிந்து ப்ளக்கை ஆட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அப்பாவின் குரல் கம்பீரமாகக் கேட்டது. "ஆற்றைக் கடந்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. குதிரைகளைப் பூட்டுங்கள்."

நிமிர்ந்தேன். திரையின் கீழ்ப்பாதி இன்னமும் காலியாகத்தான் இருந்தது.

"அப்பா, இப்ப எதைப் படிச்சே?"

"அடுத்த கட்டம்."

"அடுத்த கட்டம் இன்னும் வரவே இல்லை."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிக்ஸியும் நின்றது.

"எல்லாம் மனப்பாடம்டீ" என்றார். "உனக்கு எத்தனை தடவை படிச்சிருப்பேன். ஒரு வார்த்தை மாத்தினா சண்டைக்கு வருவியே."

"அப்ப தெரியறது தெரியறதுன்னு ஏன் சொன்னே?"

"நீ சாப்பாட்டு வேளையில சாப்பிடாம பண்ணிண்டு வரே. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு எரிச்சலும் அவமானமும் ஒன்றாக வந்தன. "உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலையேன்" என்று கத்திவிட்டேன்.

"படம்" என்றார். "உனக்குப் படிச்சுக் காட்டறச்சே புஸ்தகத்தை உன் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுப்பேன். என் கண்ணு எழுத்து மேலயே ஓடும். படத்தை எல்லாம் நீதானே பாத்தே. சாவகாசமா ஒருநாள் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். இதுல படம் கரியாத்தான் இருக்கு."

அழுகை வந்தது. நான் அழுதால் அம்மா அழுவாள், அம்மா அழுதால் காரியம் கெட்டுவிடும். லேப்டாப்பை அணைத்துவிட்டு டிரங்குப் பெட்டியை இழுத்தேன்.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை சாம்பலோடு, நிழலோடு. முழுப் பக்கமாக லேப்டாப் தாங்காது, ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக வெட்டி, தனிப் படமாக வைத்தேன். வெட்டும்போது வசனங்கள் பாதியில் அறுபட்டன. கொம்பும் காலும் பறிபோன எழுத்துகளைப் பார்த்தால் எனக்கே பகீர் என்றது. முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"இன்னாமா, எழுத்தெல்லாம் அறுத்துக்கினு போறே?"

"எழுத்து வீட்டுல இருக்கு சார்" என்றேன்.

அப்பாவின் இடது கண் காத்திருக்கவில்லை. பகலிலேயே லைட் போடச் சொன்னார், சாம்பார் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சிடி எழுதும் கடையில் பாதியில் கரண்ட் போய் முதல் சிடி வீணானது. கடைக்காரர் அடுத்த வாரம் வரச் சொன்னார். கரண்ட் வரும்வரை அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழுதி முடித்த பிறகுதான் எழுந்தேன்.

அன்று சாயங்காலம் டிரைவுக்கு முதலில் உயிர் கொடுத்தேன், பிறகு லேப்டாப்புக்கு. அம்மா 'அரைக்கலாமா' என்று கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் அம்மியைக் கழுவும் சத்தம் கேட்டது. திரை முழுக்க ஒரே ஒரு படம் இறங்கியது. குதிரை மேல் வீரன், பின்னால் மலை, மலை மேல் மேகம். அப்பா முகத்தைத் திருப்பித் திருப்பி, படத்தின் ஒவ்வொரு மூலையையும் மிச்சமிருந்த பார்வையின் ஓரத்தால் தொட்டுக்கொண்டே போனார். வசனம் அவர் வாயிலிருந்து தானாக வந்தது. நான் அடுத்ததைத் திறந்தேன், அதற்கடுத்ததைத் திறந்தேன். கதை பாதி தாண்டியபோது நிறுத்தச் சொன்னார்.

"குதிரைக்குப் பின்னாடி என்னமோ நிக்கறதே. நாயா?"

"ஆமாம்பா. முதல்லேர்ந்தே கூட வரும். கதையில அதைப் பத்திப் பேச்சே கிடையாது."

"உனக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

அப்பா அந்த நாயை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை நாளா சொல்லவே இல்லையேடீ" என்றார். "சரி, முதல் படத்துக்குப் போ. அது எங்கேர்ந்து வந்து சேர்ந்துதுன்னு பாக்கணும்."

நான் முதல் படத்தை மறுபடி திறந்தேன்.